முழங்கால் உயரப் புல்

அஞ்சுகிராமத்துக்கு மேற்கே வயல்கள் மனைகளாகி, மனைகளுக்குச் சுவரும் வந்தபிறகு, ரெஜிலாவின் பசுவுக்கு மேய்ச்சல் என்று மிஞ்சியது ஒரே ஓர் இடம். துபாயில் இருக்கும் ஒருவருடைய இருபது சென்ட். நாலு பக்கமும் சுவர், ஓர் இரும்புக் கேட். காடு பிடிக்காமல் இருந்தால் சரி என்று சாவியை அவளிடமே கொடுத்திருந்தார்.

அவளுடைய மகள் ஜினிஷாவுக்குக் கோயம்புத்தூரில் வெள்ளிக்கிழமை நர்சிங் பட்டமளிப்பு. போய்வர மூன்று நாள். ரெஜிலா வெளியூரில் ஓர் இரவு தங்கி எட்டு வருடம் ஆகிறது. பால் கறக்கப் பக்கத்து வீட்டு முத்துக்கனி ஒத்துக்கொண்டாள். கணவர் ரசலையனுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதால் குனிய முடியாது. ஆனாலும் காலையில் பசுவை மனைக்குள் விட்டுக் கேட்டைச் சாத்த அவரால் முடியும். வடசேரியிலிருந்து வியாழன் சாயங்காலப் பஸ்ஸுக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று.

ஆனால் பசு மேயவில்லை. இரண்டு வாரமாகப் பால் பாதியாகக் குறைந்துவிட்டது.

"முழங்கால் உயரத்துக்குப் புல்லு நிக்கு. ஒனக்க மாட்டுக்குக் கொழுப்பு பிள்ளே," என்றாள் முத்துக்கனி. "கல்யாண வீட்டுல பாயசத்துக்குக் குறை சொல்லுவியே, அதே கொணம்."

திங்கட்கிழமை ரெஜிலா மற்ற வேலைகளைப் போட்டுவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து பார்த்தாள். வயல் இருந்தபோது பசு தலை தூக்காமல், நடந்துகொண்டே மேயும். பத்து மணிக்கெல்லாம் வயிறு நிறைந்து படுத்து அசைபோடும். இங்கே உயர்ந்த புல்லை முகர்ந்தது, விலகியது. தரையோடு ஒட்டிக் கிடந்ததை மட்டும் திரும்பத் திரும்பக் கரம்பியது. உச்சிவெயில் வரை படுக்கவில்லை.

அவள் போய் உயர்ந்த புல்லை விலக்கினாள். அடியில் பழைய சாணம். அடுத்த கொத்திலும் அப்படியே. நாலு மாதமாக ஒரே இடம். தன் சாணத்தில் செழித்ததைப் பசு வாயில் வைக்கவில்லை.

ஒரு கட்டு அறுத்து, வெயிலில் வாடவிட்டு, தொழுவத்தில் போட்டாள். மிச்சமில்லாமல் தின்றது.

"பின்னே என்ன, அறுத்துப் போட்டாப் போதும்லா?" என்றாள் முத்துக்கனி.

"அறுக்கது ஆரு மைனி?"

விடிந்தால் முத்துக்கனிக்கு முந்திரி ஆலை வேலை. ரசலையன் அரிவாளை வாங்கினார். "குடு, நான் பாக்கேன்." பாதி குனிந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ரெஜிலா அரிவாளைத் திரும்ப வாங்கினாள்.

புதன்கிழமை மூன்று நாளுக்கும் சேர்த்து அறுத்துக் குவித்தாள். இரவு தூறல் போட்டது. வியாழன் காலை குவியலுக்குள் கையை விட்டபோது சுட்டது, பூசண வாடை. பசு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மத்தியானம் ஜினிஷா கூப்பிட்டாள். "பொறப்பட்டாச்சா அம்மா?"

"நீ வீடியோவுல காட்டு மக்களே."

ஜினிஷா கேட்டாள், "நீங்க இல்லாம அந்த மாட்டால மூணு நாளு இருக்க முடியாதா?"

"அது இருக்கும். நான் வேணும்னு அதுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் ரெஜிலா. "புல்லு அறுக்க ஒரு ஆளு வேணும், அவ்வளவுதான்."