விருந்து வீட்டில் தொலைத்த கார் சாவி

திருச்சுழியில் தங்கை வீட்டு விருந்து முடிந்து கிளம்பும்போது கார் சாவியைக் காணோம். மூன்று மணிக்கு மகளுக்கு மதுரையில் வேலைக்கான நேர்காணல். வேட்டியை நாலு முறை உதறினேன், குப்பைக்குழியைக்கூடக் கிளறினேன். அழாத குறை.

போன் போட்டதும் அருப்புக்கோட்டையிலிருந்து பைக்கில் வந்த சாவிக்காரர் ஒரு மணி நேரம் போராடிப் புதுச்சாவி செய்து கொடுத்தார். பிறகு தங்கை கொடுத்தனுப்ப, என் கையிலிருந்த தூக்குவாளிப் பையை மோந்து பார்த்தார்.

"கறிக்குழம்பாண்ணே? காத்துக்கருப்பு அண்டாம இரும்பு போட்டாகளா?"

"நானே போட்டேனே!" என்றேன் பெருமையாக.

"என்னத்தப் போட்டீக?"

பையைத் திறந்தேன். வாளியோரம் பழைய சாவி கிடந்தது.

"பேய் வந்திருந்தா காரை எடுத்துட்டே போயிருக்கும்ப்பா" என்றாள் மகள்.

நேர்காணலுக்குக் கடைசி ஆளாக நுழைந்துவிட்டாள். இப்போதெல்லாம் கறிக்கென்றே ஒரு துருப்பிடித்த ஆணி வைத்திருக்கிறேன். அது தொலைந்தால் யாருக்கும் போன் போட வேண்டியதில்லை.