அக்காவுக்கு வறுத்த ஆழ்கடல் மீன்

மீன் வறுக்கும்போது யாரிடமாவது குத்து வாங்கியிருக்கிறீர்களா? சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டில் நான் வாங்கினேன். ஆபரேஷனில் பிள்ளை பெற்ற அக்கா, ஹாருவான் என்கிற விரால் மீன் சூப்பின் சேற்று வாடைக்கு மூன்று நாளாக வாந்தி எடுத்தாள். அதனால்தான், கடலடியை வலையால் வாராமல் தூண்டிலில் பிடித்த, சத்தான ஆழ்கடல் மீன் துண்டுகள் வாங்கி வந்தேன்.

"புண்ணு ஆற ஹாருவான்தான்லா. ஐஸ் மீனக் குடுத்து கொல்லப் போறியா?" என்று அண்ணன் என் வாயில் குத்தினான்.

"சேத்துத் தண்ணிய நீ குடிண்ணே," என்று ரத்தத்தைத் துப்பி, அவன் தலையைச் சுவரில் மோதினேன்.

நாங்கள் தரையில் உருண்டபோது அக்கா அடுப்பை அணைத்து, நின்றபடியே இரண்டு துண்டுகளைத் தின்றாள்.

"முள்ளே இல்லடா. இன்னும் இருக்கா?"

இப்போது என் உதட்டில் மூன்று தையல்.