டின்மேல் இருந்த பெயர்

எங்கள் ஆரணியில் நெய்த பட்டுப்புடவையை, காஞ்சிபுரத்திலிருந்து வரவழைத்தது என்று பெட்டியில் அச்சடித்து விற்ற வியாபாரி ஒருவர், பைக் ஆயில் என்று வந்தால் மட்டும் பிராண்டைக் கும்பிடுவார். விலை உயர்ந்த ஒரே கம்பெனி டின்னை என் மெக்கானிக் கடைக்குக் கொண்டுவந்து ஊற்றச் சொல்வார். ஊற்றியதை நேரத்துக்கு மாற்ற விடமாட்டார். "ஒசந்த ஆயிலுப்பா, இன்னும் ஒரு வருசம் தாங்கும்" என்பார். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒருநாள், தன்னிடம் புடவை எடுத்த கலசப்பாக்கத்துக் கல்யாண வீட்டாரை நல்ல ஓட்டலுக்கு அழைத்துப்போகும்போது அவர் பைக் எஞ்சின் இறுகி என் கடை வாசலில் நின்றது. வேனில் பின்னால் வந்தவர்களும் இறங்கினார்கள். எஞ்சின் அடி போல்ட்டைக் கழற்றினேன். தார் மாதிரி கொஞ்சம் வழிந்தது.

"நல்ல ஆயில வித்துட்டு மட்டமானத ஊத்திகினு இருந்திருக்கே, திருட்டுப் பயலே!" என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

பக்கத்தில் ஒரு பால்காரரின் எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தேன். மலிவான ஆயில்தான், ஆனால் தவறாமல் மாற்றுவார். சிலிண்டரில் ஒரு கீறல் இல்லை. அதைக் காட்டியிருந்தாலே போதும். எனக்குப் போதவில்லை. மணப்பெண்ணின் அம்மாவிடம் திரும்பினேன்.

"பேர்ல ஒண்ணும் இல்லீங்கம்மா. உங்க கையில இருக்கிற பெட்டியில காஞ்சிபுரம்னு போட்டிருக்குது. அந்தப் புடவை நெய்த தறி ரெண்டு தெரு தள்ளி இருக்குது. வந்து பாக்கறீங்களா?"

அந்த அம்மா பெட்டியைத் திறந்தார். நான் வியாபாரியின் முகத்தைப் பார்த்தபடி பால்காரரின் சிலிண்டரைத் துடைத்தேன். அவ்வளவு நிதானமாக நான் எதையும் துடைத்ததில்லை.