கைசரின் வயிறு

கேரள எல்லையோரம் பனச்சமூட்டில் பஸ் இறங்கி வெள்ளறடைப் பக்கம் கொஞ்சம் நடந்தால் அம்மிணியின் சாயாக்கடை. பெயர்ப்பலகை கிடையாது. வேகிற மரச்சீனியின் வாசம்தான் பலகை. மரவள்ளிக்கிழங்குக்கு இந்தப் பக்கத்துப் பேர் மரச்சீனி. அதை அவித்து, தேங்காயும் பச்சை மிளகாயும் சதைத்துப் போட்டு மசித்து, மேலே ஒரு கரண்டி மீன்குழம்பு ஊற்றித் தருவாள். அரசாங்கம் சாராயக்கடைகளைப் பூட்டின வருஷம் அவள் கடையில் கூட்டம் கூடியது. கை நடுங்குகிறவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தட்டாவது வேண்டும் அல்லவா.

அம்மிணிக்குச் சொந்த ஊர் காரோடு. வயது ஐம்பதைத் தொட்டும் தொடாமலும். கட்டினவன் பம்பாய்க்கு வேலைக்குப் போனான். போன இடத்தில் யாரோ நல்ல மீன்குழம்பு வைத்திருக்க வேண்டும், திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. மற்றவர்கள் பேசினால் சாயாவில் சீனி குறையும்.

அவளோடு இருந்தது கைசர். செம்பட்டை நிறத்தில் ஒரு நாய். குட்டியாய் மழையில் நனைந்து கடைக்குள் வந்தபோது ஜீப் டிரைவர் சுந்தரதாஸ் வைத்த பேர் அது. சக்கரவர்த்தி பேர் வைத்தாலாவது உடம்பு தேறட்டும் என்று வைத்தான். பேர் தேறிவிட்டது. உடம்பு தேறவில்லை.

கைசர் ஆசையாய்த் தின்னும். தின்றதும் கடைக்குப் பின்னால் வாழைமரத்தடிக்கு ஓடும். சில நாள் வாழைமூடு எட்டாது, பெஞ்சுக்குப் பக்கத்திலேயே காரியம் முடிந்துவிடும். தின்றுகொண்டிருந்தவர்கள் தட்டோடு எழுந்து வெளியே போய் நிற்பார்கள். மறுநாள் எதிர்க்கடையில் உட்கார்ந்திருப்பார்கள்.

அம்மிணிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். நாய் மெலிகிறதா, இன்னும் ஒரு பிடி மரச்சீனி. சீரகவெள்ளமும் கொடுத்தாள், மாதுளைத் தோலும் அரைத்து ஊட்டினாள், பூச்சிமருந்தும் ஊற்றினாள். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பிடி மரச்சீனி. விலா எலும்புகள் எண்ணுகிற மாதிரி தெரிய ஆரம்பித்தன.

“அக்கா, வயித்துல ஒரு கொள்ளிய எடுத்து வையி” என்றான் சுந்தரதாஸ். “எங்க மாமனுக்க பசுவுக்கு இப்பிடித்தான் கழிச்சல். சூடு வச்சதும் நிண்ணு போச்சு.”

“கழிச்சல் நிண்ணுதா, பசு நிண்ணுதா?”

“ரெண்டும்.”

“எலே, அந்தக் கொள்ளிய உனக்க வாயில வச்சா இதும் நிக்கும்.”

அப்படிச் சொன்னாளே தவிர, பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது. கடையும் வேண்டும், நாயும் வேண்டும் என்றால் நடக்காது என்று அவளுக்கே தெரிந்தது. ஒருநாள் சாயாவை ஆற்றிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல், “சனியாழ்ச்ச அருமனைக்கு டிரிப்பு உண்டா மக்கா?” என்று கேட்டாள். “இவனை அங்க சந்தையில இறக்கி விடு. இறைச்சிக்கடை உண்டு, பிழைச்சுக்கிடுவான்.”

“அது தமிழ்நாடாக்கும் அக்கா. இவனுக்குப் பாஸ்போர்ட் உண்டா?”

அவள் சிரிக்கவில்லை. சுந்தரதாஸ் சனிக்கிழமை வருவதாகத் தலையாட்டினான்.

அதற்கு முன்னால் கடைசியாக ஒரு முயற்சி. மிருகாசுபத்திரிக்குத் திருச்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டாக்டர் புதிதாய் மாற்றலாகி வந்திருந்தார். கைசரைப் பழைய கைலியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாள். நாலு ஆடு, ஒரு கன்றுக்குட்டி, அவற்றின் சொந்தக்காரர்கள் எல்லாரையும் இடித்துத்தான் உள்ளே போக முடிந்தது. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இது பிறவியிலேயே குடல் கேடு, மருந்தில் முழுசாய் மாறாது என்றார். பிறகு வேகவேகமாய்ச் சொன்னார்:

“சேச்சி, தீற்றயிலாணு காரியம். சோறு நல்லோணம் வேவிச்சு, இத்திரி மோரும் கூட்டிக் கொடுத்தா மதி. கொள்ளி மாத்திரம் கொடுக்கருது. ஒட்டும் கொடுக்கருது, கேட்டோ.”

தீனியில்தான் காரியம் என்பது புரிந்தது. சோறும் மோரும் புரிந்தது. கொள்ளி மட்டும் கூடவே கூடாது என்பதும் நன்றாகவே புரிந்தது. அதுதான் தப்பாய்ப் போயிற்று. சூடு போட வந்தவள் என்று தன்னை நினைத்துவிட்டாரே என்று அம்மிணிக்கு முகம் சிவந்தது.

“சாறே, ஞான் அங்ஙனத்த ஆளல்ல. கொள்ளிய நான் கையால தொட்டதில்ல.”

“நன்னாயி” என்று டாக்டர் சந்தோஷமாய்த் தலையாட்டிவிட்டு ஆட்டின் பக்கம் திரும்பினார்.

அன்றிலிருந்து சோறு குழைய வெந்தது. மோர் கலந்தது. வெள்ளையாய், பத்தியச்சாப்பாடு மாதிரி இருந்த அந்தத் தட்டைப் பார்த்தால் அவளுக்கே பாவமாய் இருக்கும். மேலே ஒரு பிடி மரச்சீனியை ருசிக்கு வைப்பாள். கைசர் அதை முதலில் தின்றுவிட்டு, வாழைமூட்டுக்கு ஓடும்.

புதன்கிழமை காலையில், பசுக்களுக்குக் குத்திவைப்பு ஊசி போட்டு முடித்த பசியோடு அந்த டாக்டரே கடைக்குள் வந்து உட்கார்ந்தார்.

“சேச்சி, விசக்குன்னு. கொள்ளி உண்டோ?”

அம்மிணியின் கையில் கரண்டி நின்றது. “என்னது சாறே?”

“கொள்ளி. கொள்ளியும் மீன்கறியும்.” பிறகு பானையை எட்டிப் பார்த்துச் சிரித்தார். “ஓ, நிங்ஙளுக்கு மரச்சீனி. ஞங்ஙளுடெ நாட்டில் இதினு கொள்ளி என்னா பறயுக.”

பெஞ்சில் இருந்த சுந்தரதாஸுக்குச் சாயா மூக்கில் ஏறியது. இருமிக்கொண்டே, “அக்கா, பாத்து நிக்காத. சாறுக்கு ஒரு கொள்ளி வையி” என்றான்.

அம்மிணி தட்டில் வைத்தாள், குழம்பு ஊற்றினாள், டாக்டர் முன்னால் கொண்டு வைத்தாள். அப்புறம்தான் கேட்டாள்.

“சாறே, அன்னைக்கு நாய்க்குக் கொடுக்கப்பிடாதுண்ணு சொன்னது இதையா?”

“அதே. சேச்சி தொடாறில்ல என்னல்லே பறஞ்ஞது?”

தொட்டதே இல்லை என்று அன்று தான் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. வாசலில் கிடந்த கைசரின் தட்டைப் பார்த்தாள். ஓரத்தில் மஞ்சளாய் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. போய் அதைச் சுரண்டி எடுத்து, தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். சாயாவுக்குக் காத்திருந்தவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் எழுந்தாள்.

அன்றைக்கே சட்டம் வந்தது. நாய்க்கு மரச்சீனி போடுகிறவனுக்கு இந்தக் கடையில் சாயா இல்லை. “நமக்குக் கிழங்கு, தம்புரானுக்கு அரிசிச்சோறு!” என்று ஆட்கள் கேலி பண்ணினார்கள். கைசருக்கும் சட்டம் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தட்டின் முன்னாலும் போய் உட்கார்ந்து, கோர்ட்டில் மனு கொடுக்க வந்தது மாதிரி பார்த்தது. ஆட்களைக்கூட அடக்கிவிட்டாள், தன் கையை அடக்குவதுதான் பெரும்பாடாய் இருந்தது. மசிக்கும்போது அது தானாக ஒரு பிடி எடுத்துவிடும். எடுத்ததைத் திரும்பப் பானையில் போட முடியாது. தன் வாயில் போட்டுக்கொள்வாள். அந்த வாரம் அவளுக்கு வயிறு கனத்தது.

தினமும் விடிந்ததும் வாழைமூட்டுக்குப் போய்க் குனிந்து பார்ப்பாள். சனிக்கிழமை பார்த்துவிட்டு வந்து அடுப்பை மூட்டினாள். கைசரின் கழிவுக்கு அன்று கொஞ்சம் உருவம் இருந்தது. முழுசாய் இல்லை. ஆனாலும் இருந்தது.

சுந்தரதாஸ் ஜீப்பை நிறுத்திவிட்டு ஒரு சாக்கோடு வந்தான். “எங்கக்கா சக்கரவர்த்தி? வண்டியில ஆளு காத்திருக்கு.”

“கொண்டு போண்டாம்லே.”

“பின்ன நான் சாக்கு கொண்டு வந்தது?”

“நீ போத்திக்க. வந்து தின்னுட்டுப் போ.”

அவன் உட்கார்ந்து தின்றான். பாதியில் கைசர் வந்து முழங்காலில் முகத்தை வைத்தது. பேசிக்கொண்டே, பழக்கத்தில், ஒரு துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டான்.

அம்மிணி அடுப்படியிலிருந்து வந்த வேகத்தில் ஸ்டூல் ஒன்று உருண்டது. நாயின் தாடையைப் பிளந்து, இரண்டு விரலை உள்ளே விட்டு, துண்டை வெளியே எடுத்தாள். கைசர் அவளைப் பார்த்து முதல்முறையாக உறுமியது. விரலில் பல் பதிந்து ரத்தம் வந்தது.

“அக்கா, நான் அறியாம...” என்று சுந்தரதாஸ் எழுந்தான்.

“போலே. வண்டியில ஆளு காத்திருக்கு.”

அவன் சாக்கை எடுத்துக்கொண்டு போனான். அவள் மோர்ச்சோற்றைக் கொண்டு வந்து வைத்தாள். கைசர் அதை முகர்ந்தது, அவளைப் பார்த்தது, எதிர்க்கடையைப் பார்த்தது. வேறு வழி இல்லை என்று தெரிந்த பிறகு நக்க ஆரம்பித்தது. அம்மிணி விரலை உப்புத்தண்ணீரில் முக்கிக்கொண்டு, தட்டு காலியாகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.