இருபத்திரண்டு ஒன்பதுகள்

துலூத் நகரக் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வெர்னா ஹால்வர்சனுக்கு இருபத்தாறு வருஷ வேலை. கம்பியை ஒரே நீளத்தில் வெட்டிப் பலகையில் இழுத்துக் கட்டுவது, சீட்டு ஒட்டுவது, மாணவர்கள் கருக்கிவிட்டுப் போன மின் மீட்டர்களைச் சரிசெய்வது எல்லாம் அவள்தான். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அந்தப் பயம் மட்டும் இல்லாவிட்டால் பாதி மீட்டர்கள் என்றைக்கோ குப்பைக்குப் போயிருக்கும்.

அன்று மதியம் வேட் கெட்டுனென் அவள் மேஜைக்கு வந்தான். இரும்புச் சுரங்கத்தில் வேலை போய், நாற்பத்தாறு வயதில் படிக்க வந்தவன். இந்தப் பாடத்தில் தேறினால்தான் எலக்ட்ரீஷியன் பயிற்சியில் இடம். கையிலிருந்த தாளில் சிவப்பு மையில் பூஜ்யம்.

"எட்டுத் தடவ அளந்தேன் வெர்னா. கம்பியோட மின்தடை நாலு ஓம்தான் வருது. புக்குல ஒம்போதாம். மீட்டர் பாக்கவே தெரியலன்னுட்டார் புரொபசர் புரூயிட்."

"மத்தவங்களுக்கு?"

"இருபத்திரண்டு பேருக்கும் ஒம்போது. நான்தான் மக்கு."

"சும்மா இரு," என்று சீறிவிட்டு வெர்னா அவன் அளந்த பலகையை அளந்தாள். நாலு. அடுத்ததும் நாலு. எல்லாப் பலகையும் நாலு. அலமாரியைத் திறந்து கம்பிச் சுருள்களைப் பார்த்தாள். சோதனைக்கு வேண்டிய நிக்ரோம் கம்பியின் சீட்டு, மின்தடை குறைந்த வேறொரு கம்பிச் சுருளின்மேல் இருந்தது. எழுத்து அவளுடையது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தப்பு.

நேராகப் பேராசிரியர் புரூயிட்டின் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"விடு வெர்னா. வேடுக்கு பாஸ் மார்க் போட்டுடறேன். விஷயம் வெளிய போக வேண்டாம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மானத்தைக் காப்பாற்றுகிறாராம்! இருபத்திரண்டு பொய்க்கும் டிக் போட்ட கை அது.

"பிச்சையெல்லாம் அவனுக்கு வேண்டாம்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் வகுப்பில் புரூயிட் வாய் திறக்குமுன் பலகையை முன்மேஜையில் தொப்பென்று போட்டாள்.

"இது நிக்ரோமே இல்ல. சீட்ட மாத்தி ஒட்டுன கழுத நான்தான். இதுல தலகீழா நின்னாலும் நாலுக்கு மேல வராது. வேட் ஒருத்தன்தான் அளந்திருக்கான். உங்க இருபத்திரண்டு பேருக்கும் ஒம்போது எங்கேருந்துய்யா வந்துது?"

இரண்டொருவர் பாடப்புத்தகத்தை மூடி உள்ளே தள்ளினார்கள். புரூயிட் காது சிவக்க வேடின் தாளை வாங்கிப் பூஜ்யத்தை அடித்தார், நூறு போட்டார், பேனாவை மூடினார்.

"மூடாதீங்க," என்றாள் வெர்னா. "மிச்ச இருபத்திரண்டையும் எடுங்க."