பித்தளை கேட்டவருக்குப் பிளாஸ்டிக்

எந்தக் குழாய் எதைத் தாங்கும் என்பது எனக்கு அத்துப்படி என்றுதான் நினைத்திருந்தேன். திருப்பூர் சாயப்பட்டறையில் எனக்குக் குழாய் வேலை.

பக்கத்து வீட்டு அந்தோணி தூத்துக்குடிக்காரர். பனியன் கம்பெனி விடுமுறையில் குளத்தில் மீன் பிடிக்க ஒரு பழைய ஃபைபர் படகு வைத்திருந்தார். உள்ளே சேரும் தண்ணீரைக் கரையில் வடித்துவிட, அதன் அடியில் மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருந்தது. அது இற்றுப்போயிருந்தது.

"பித்தளையில போட்டுத் தாங்க அண்ணாச்சி."

"பித்தளைங்களா? எங்க பட்டறையில சாயத்தண்ணி அரிச்சே தின்னுருமுங்க. பிளாஸ்டிக்தான் நிக்கும்."

புதிய பிளாஸ்டிக்கையே மாட்டினேன்.

இரண்டு கோடை, படகு வெயிலில் கவிழ்ந்து கிடந்தது. மழைக்குப் பின் அவரும் மனைவி மேரியும் வலை எடுக்கப் போனபோது, நடுக்குளத்தில் குழாய் உடைந்தது. மேரிக்கு நீச்சல் தெரியாது. அந்தோணி துண்டை ஓட்டையில் திணித்து, காலால் அழுத்திக்கொண்டே துடுப்புப் போட்டார். மேரி சட்டியால் இறைத்தார். நான் கரையில் நின்றிருந்தேன்.

அவர்கள் கரையேறியதும் உடைந்த குழாயைத் தொட்டேன். அப்பளம்போல் நொறுங்கியது. பட்டறை நிழலில் நின்றது வெயிலில் நிற்கவில்லை. அந்தோணியும் பார்த்தார்.

"கல்லு தட்டிருச்சு மேரி" என்றார்.

மறுநாள் பித்தளை மாட்டினேன். "இதப் பட்டறைப் பக்கம் காட்டிராதீங்க அண்ணாச்சி, அரிச்சிரும்" என்று அந்தோணி சிரித்தார்.

அன்று மாலை மேரி எங்கள் வீட்டுக்கு ஒரு கெண்டை மீன் கொண்டுவந்தார். "அண்ணன் பித்தளை போட்டுட்டாங்க, இனி பயமில்ல" என்றார். என் மனைவி குழம்பு வைத்தாள். நான் மீனைத் தட்டின் ஓரம் ஒதுக்கினேன்.

மேரி இன்னும் மீன் தருகிறார். தட்டியது கல் இல்லை என்று நான் இன்னும் சொல்லவில்லை.