மூன்று அருள் நிறை மரியே போதாது

என் அம்மாவுக்கு ரகசியம் பேச வராது. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டியிட்டு, சல்லடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாமியாரின் காதில் கிசுகிசுப்பதாக அவள் நினைத்துக்கொள்வாள். கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்பவர் வரைக்கும் கேட்கும். அதனால் அந்தச் சனிக்கிழமை மாலை அவள் சொன்ன பாவம் எனக்கு மட்டுமல்ல, முகப்பேர் கத்தோலிக்கர்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

"பெத்த பொண்ண சபிச்சிட்டேன் சாமி. உன் வயித்துல ஒண்ணும் தங்காதுன்னு சொல்லிட்டேன். சொன்ன மாதிரியே ஆயிப்போச்சு சாமி."

எனக்குப் பின்னால் நின்ற பெண் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன்.

பெற்ற பெண் என்பது என் அக்கா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனவள், அங்கேயே ஒருவரைப் பார்த்துப் பிடித்துப்போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் வானகரத்துக்காரர், தலைமுறை தலைமுறையாக அங்கே நிலமும் மாடும் வைத்திருந்த இந்துக் குடும்பம். கல்யாணமான கையோடு நெற்றியில் குங்குமமும் கழுத்தில் மஞ்சள் கயிறுமாக, ஆசீர்வாதம் வாங்க எங்கள் ஹவுஸிங் போர்டு குடியிருப்பின் முதல் மாடிக்கு ஏறி வந்தாள். அம்மா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு அந்தச் சாபத்தைக் கொடுத்தாள். மாடிப்படியில் மேலும் கீழும் தலைகள். அக்கா அப்படியே இறங்கிப் போனாள். அதற்கப்புறம் இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

பிறகு ஒரு நாள் மாமா, அதாவது அக்காவின் புருஷன், தனியாக வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. படியிலேயே நின்று சொன்னார்.

"அஞ்சாம் மாசம். தங்கல. அவ சொல்லி வரல, நானாதான் வந்தேன். யார்கிட்டயும் பேச மாட்றா. சொவரையே பாத்துகினு கீறா."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். வானகரம் ஒன்றும் வங்காள விரிகுடாவுக்கு அப்பால் இல்லை. பஸ் கிடைத்தால் அரை மணி நேரம். ஆனால் அம்மா முகம் கழுவி, நல்ல புடவை கட்டி, முக்காடு போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

எங்கள் ஆட்களின் விசேஷமே இதுதான். அடுத்த வீட்டுக்காரியை அறைந்துவிட்டுக் கடவுளிடம் போய் மன்னிப்புக் கேட்போம். அவரும் தாராளமாக மன்னித்துவிடுவார். அவருக்கென்ன, கன்னம் எரிந்தது அவருக்கா?

கூண்டிலிருந்து வெளியே வந்த அம்மாவின் முகம் கடுகடுவென்று இருந்தது. பாவம் போன முகமாக இல்லை, பால் திரிந்த முகமாக இருந்தது. பாவசங்கீர்த்தனம் முடிந்ததும் பரிகாரமாகச் சாமியார் ஒரு தண்டனை கொடுப்பார், இத்தனை ஜெபம் சொல்லு என்று. அதற்கு எங்களிடையே அபராதம் என்று பெயர்.

"இன்னா குடுத்தாரு?" என்றேன்.

"மூணு அருள் நிறை மரியே."

"சொல்லிட்டு வா, பஸ்ஸு போயிடும்."

"மூணாடி? நீ ஜாம் திருடித் தின்னதுக்கும் மூணு, ஒரு உசுரு போனதுக்கும் மூணா? இன்னா சாமியாரு இவரு?"

அம்மாவின் கணக்கில் பாவமும் அபராதமும் ஒரே எடையில் இருக்க வேண்டும். இலேசான அபராதம் என்றால் சாமியாருக்குப் பாவம் சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம். அடுத்த வாரம் ஆவடியில் ஒரு கோயிலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். அந்தச் சாமியார் ஐந்து கொடுத்தார். அதற்கும் அடுத்த வாரம் பூந்தமல்லி. அங்கே இருந்தவர் ஒரு ஜெபமாலை சொல்லச் சொல்லி, "நிம்மதியா தூங்குங்கம்மா" என்றும் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு வந்ததே கோபம். தூங்குவதற்கா அவள் பூந்தமல்லி வரைக்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தாள்?

"ஒரு டாக்டர் சரியில்லனா வேற டாக்டர பாக்கறது இல்ல?" என்று அப்பாவிடம் நியாயம் கேட்டாள்.

அப்பா ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வீட்டுச் சண்டைகளில் பேப்பருக்குப் பின்னால் இருந்து மட்டும் பேசுவார். "டாக்டருங்க எல்லாம் ஒரே மாத்திரையதான் குடுக்கறாங்கன்னா வியாதி வேற எங்கியோ கீதுன்னு அர்த்தம்" என்றார். அம்மா பேப்பரைப் பிடுங்கி எறிந்தாள்.

எதிர் வீட்டு அம்மா பெந்தெகொஸ்தே. மாடிப்படியில் அம்மாவை மடக்கிப் பிடித்து, "நம்ம பாவத்த எல்லாம் இயேசப்பா தம்ம ரத்தத்தால கழுவிட்டாரு சிஸ்டர். நீங்க ஏன் ஊர் ஊரா அலையறீங்க? விசுவாசிங்க, போதும். எல்லாம் இலவசம்" என்றாள்.

"ரேஷன் கடைல இலவசமா வேட்டி குடுத்தாகூட வரிசைல நிக்கணும்" என்றாள் அம்மா. "சும்மா வர்ற மன்னிப்பு சும்மாவே போயிடும்."

அந்தச் சமயம் பார்த்துக் கீழ் வீட்டுக்கு ஒரு தெற்கத்திக் குடும்பம் குடிவந்தது. எங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கர்கள்தான். தங்கள் ஊர்ப்பக்கத்தில் புனித அந்தோணியாருக்குக் கிடா நேர்ந்து, கோயிலில் மந்திரித்து, வெட்டிச் சமைத்து ஊருக்குச் சோறு போடுவார்கள் என்று அந்த வீட்டுப் பெண் பேச்சுவாக்கில் சொன்னாள். அம்மாவின் கண்களில் வெளிச்சம் வந்தது. கடைசியில் அவளுக்கு ஏற்ற அபராதம் கிடைத்துவிட்டது. இரத்தம், செலவு, அலைச்சல், நான்கு பேர் பார்க்கப் பந்தி, எல்லாம் அதில் இருந்தது.

அடுத்த ஞாயிறு அப்பா ஒரு கறுப்பு வெள்ளாட்டை முதல் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு வாரம் அது எங்கள் பால்கனியில் குடியிருந்தது. எதிர் வீட்டு அம்மா உலர்த்திய ஜாக்கெட்டில் ஒரு கை, என் கணக்குப் பாடப் புத்தகத்தில் முக்கோணங்கள் முழுவதும், திருஇருதய ஆண்டவர் படத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் மாலையில் பாதி என்று அது தின்றது. நான் அடிக்கக் கை ஓங்கினால் அம்மா பாய்ந்து வந்தாள்.

"அத்த அடிக்காத. அது நம்ம பாவத்த சொமக்கப் போவுது."

"நம்ம பாவம் இல்ல, உன் பாவம்" என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது.

மந்திரித்து வாங்குவதற்காகக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். எங்கள் பங்குக்குப் புதுச் சாமியார் வந்திருந்தார், இளைஞர், அப்போதுதான் குருமடத்தில் படிப்பை முடித்தவர். ஆட்டைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, இறைவனின் செம்மறி இயேசு ஒருத்தர்தான். ஒரே தடவை, எல்லாருக்காகவும் சேர்த்து பலியாயிட்டார். இனிமே ஆடு தேவையில்லை."

"அது ஊருக்குப் பொதுவா குடுத்தது சாமி. இது என் பங்கு."

சாமியார் ஆட்டைத் திரும்பப் பார்த்தார். இதற்குக் குருமடத்தில் பதில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்து, "அதோட இது வெள்ளாடு. தீர்ப்பு நாள்ல நல்லவங்க செம்மறி, வலப்பக்கம், கெட்டவங்க வெள்ளாடு, இடப்பக்கம்னு வேதத்துல இருக்கே" என்றார்.

"கறிக்கடைல ரெண்டும் ஒரே பக்கம்தான் தொங்குது சாமி" என்றார் அப்பா.

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழைகளுக்குச் சோறு போடுவது நல்ல காரியம்தான் என்று ஒப்புக்கொண்டு, ஆட்டின் தலைமேல் தீர்த்தம் தெளித்தார். ஆடு தலையைச் சிலுப்பி அவர் அங்கியின் மேல் அதைத் திருப்பித் தெளித்தது.

செவ்வாய்க்கிழமை, அந்தோணியார் நாள். கறிக்கடைக்காரர் வந்து கீழே வேப்பமரத்தடியில் வேலையை முடித்தார். அம்மா பார்க்க மாட்டேன் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுத சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்டது. இரண்டு வாரமாகத் தன் சோற்றில் பாதியை அதற்குப் போட்டவள் அவள். அன்று மத்தியானம் கோயில் வாசலில் இருந்தவர்கள், ரிக்‌ஷாக்காரர்கள், எங்கள் குடியிருப்பில் மூன்று மாடியும் சாப்பிட்டார்கள். இரத்தத்தின் பெருமை பேசிய எதிர் வீட்டு அம்மாகூட ஜாக்கெட்டை மன்னித்து, இரண்டு தடவை குழம்பு வாங்கிக்கொண்டாள்.

எல்லாரும் போனபின் அம்மா நல்ல துண்டுகளாக எடுத்துத் தூக்குச்சட்டியில் போட்டு மூடி என் கையில் கொடுத்தாள்.

"பெரியவளுக்குக் குடுத்துட்டு வா. அம்மா கிடா வெட்டிட்டேன்னு சொல்லு. இனிமே ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லு. தோஷம் கழிஞ்சிபோச்சு."

"நீயே வாயேன்."

"பெத்தவ போயி பொண்ணு கால்ல உழுவாளாடி? போ, ஆறிடப் போவுது."

வானகரத்தில் அக்கா மாட்டுக்கொட்டகை ஓரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சட்டியை வாங்கினாள், திறந்தாள், நான் அம்மா சொன்னபடியே சொன்னேன். அவள் மூடியை மறுபடி அழுத்தி மூடினாள்.

"சாபம் உட்டது எனக்கு. கிடா குடுத்தது அந்தோணியாருக்கு. எனக்கு கொழம்பா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டுப் போயிருப்பேன். சட்டியை என் மடியில் வைத்துவிட்டுக் கீரையை ஆயத் தொடங்கினாள். எனக்கு அழுகையாக வந்தது, அம்மாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நிறைந்த சட்டியோடு வீடு திரும்பி, அக்கா சொன்னதை ஒரு எழுத்து விடாமல் அம்மாவிடம் சொன்னேன். திமிர் பிடித்தவள் என்றாள். யார் கொடுத்த கொழுப்பு என்றாள். அப்பாவைப் பார்த்து, நீங்க கொடுத்த செல்லம் என்றாள். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"நாலு சாமியார பாத்துட்ட, அந்தோணியாரையும் பாத்துட்ட. இன்னும் ஒரே ஆளதான் பாக்கல."

அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறோம் என்று நினைத்து நான் ஜெபப் புத்தகத்தை எடுத்தேன். அம்மா அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தில் வேறு பஸ்ஸில் ஏறினாள். ஞாயிறு பூசையை விடுவது நரகத்தில் தள்ளும் சாவான பாவம் என்று எங்களை அடித்து எழுப்பி அனுப்பியவள். நானும் பின்னாலேயே ஏறினேன்.

அக்காவின் வீட்டு வாசலில் அவளுடைய மாமியார் நாற்காலி எடுத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை. அக்கா ஈரக் கையோடு உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். ஒரு மனுஷியிடம் மன்னிப்புக் கேட்டு அம்மாவுக்குப் பழக்கமே இல்லை. தெரிந்தது ஒரே ஒரு வழிதான். முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டாள், மாட்டுச் சாணம் தெளித்த வாசலில் மண்டியிட்டாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் பாவி. பெத்த பொண்ண வாசல்ல நிக்க வெச்சி சபிச்சேன். அவளே வந்து பேசட்டும்னு வீம்பா இருந்தேன். அவ புள்ள போனப்போ போயி பாக்கல. என் பாவம்தான். வேற யார் மேலயும் இல்ல."

மாமியார் பதறி எழுப்பப் போனார். மாமா வேண்டாம் என்று தலையசைத்தார். அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு படியில் இறங்கி, அம்மாவுக்கு எதிரே, அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா பொய்யாயிடும்மா. வர மாட்டேங்குது. இன்னிக்கு வரல."

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"நாளைக்கு வா" என்றாள் அக்கா.

"காலைலயா, சாயங்காலமா?" என்று கேட்டாள் அம்மா.